கடற்கரைக் கொட்டகைக்கு எந்த ஜெனரேட்டர்?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

சாத்தான்குளம் கடற்கரை ஊரன்று. நம்மைச் சூழ்ந்திருப்பவை பனைமரங்களும், முருங்கைத் தோட்டங்களும், செம்மணல் தேரியுமே. ஆயினும் தெற்கு நோக்கிப் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் கடலைக் கண்டுவிடலாம். பெரியதாழை, மணப்பாடு, குலசேகரன்பட்டினம், ஆலந்தலை என வரிசையாய் நிற்கும் ஊர்கள் நமக்கு அயலானவை அல்ல. அங்கிருந்து மீன்கூடைகள் வரும் காலைப் பேருந்திலேயே எங்கள் தோழியர் சிலரும் புத்தகப் பையோடு ஏறி வருகின்றனர்.

அத்தகைய தோழி ஒருத்தியின் வீட்டில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அவளுடைய தகப்பனாரும் உறவினருமாக ஐந்து வீட்டார், தங்கள் பைபர் படகுகளைக் கரையேற்றும் இடத்தில் கொட்டகை ஒன்று போட்டிருக்கிறார்கள். மேலே ஓலை, ஒரு பாதிக்குத் தகரம். வலை பழுது பார்ப்பது, வெளிப்பொருத்து எஞ்சின்களைக் கழற்றி வைப்பது, மீன் வியாபாரி வரும்வரை மீனை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பது, இரவில் கடலுக்குப் போனவர்களுக்காக விளக்கேற்றிக் காத்திருப்பது எல்லாம் அங்கேதான். மின் இணைப்பு உண்டு; ஆனால் காற்றடித்தால் அது போய்விடும். எனவே ஐந்து வீட்டாரும் பணம் போட்டு, எடுத்துச் செல்லக்கூடிய ஜெனரேட்டர் ஒன்று வாங்க முடிவு செய்தனர். கடைக்காரர் ஒருவர், “ஐந்து கே.வி.ஏ. வாங்குங்கள், கூடவே ஒரு டீப் பிரீசரும் வைத்துக்கொண்டால் ஐஸ் வாங்கும் செலவே இல்லை” என்று சொல்லியனுப்பியிருந்தார். அதைக் கேட்டுவந்த தோழி வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் நடக்கும்போது எழுந்து, “சிஸ்டர், அது சரிதானா?” என்று வினவினாள். சிஸ்டர் பதில் சொல்லவில்லை. “பாடம் படித்திருக்கிறீர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்று கூறிவிட்டார்கள். நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கையும், ஒரு சனிக்கிழமை அக்கொட்டகைக்கே போய்க் கண்டறிந்தவற்றையும் இங்கே தருகிறோம்.

முதலில், இந்நாளில் ஜெனரேட்டர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2012ஆம் ஆண்டுவாக்கில் நம் மாவட்டத்தில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நம் அக்காமார் நன்கு அறிவர். மெழுகுவர்த்தியில் பொதுத்தேர்வுக்குப் படித்தவர்கள் அவர்கள். இப்போது அந்த நிலை இல்லை. ஆனால் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களை நாம் எவரும் மறக்கவியலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே ரயிலோடு சிக்கிக்கொண்டனர். பல ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. அப்போது நம்மை வருத்தியது இருட்டு மட்டுமன்று. கைப்பேசிகள் அனைத்தும் உயிரிழந்து போனதே பெருந்துயராயிற்று. யார் எங்கே இருக்கிறார்கள் என்று அறிய வழியில்லை. கரையில் இருப்பவர்களுக்கே இந்தப் பாடு என்றால், கடலில் இருப்பவரை எதிர்நோக்கிக் கொட்டகையில் உட்கார்ந்திருப்போருக்கு ஒரு விளக்கும் உயிருள்ள ஒரு கைப்பேசியும் எவ்வளவு பெரியவை என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி கருவியைக் காண்போம். பாடநூலில் நாம் ‘மின்னியற்றி’ என்று படிப்பதே கடையில் ஜெனரேட்டர். காந்தப்புலத்தில் கம்பிச்சுருளைச் சுழற்றினால், அல்லது சுருளுக்கருகே காந்தத்தைச் சுழற்றினால், கம்பியில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்ட உண்மை இது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் மாபெரும் இயந்திரங்களும் இதே விதியில்தான் ஓடுகின்றன. அங்கே நீராவி சுழற்றுகிறது, இங்கே சிறிய பெட்ரோல் எஞ்சின் சுழற்றுகிறது. அவ்வளவே வேறுபாடு.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அலைகளாகத் திசை மாறி மாறிப் பாய்வது. இரு துருவக் காந்தம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் அலை பிறக்கும். வினாடிக்கு 50 அலை வேண்டுமென்றால் நிமிடத்திற்கு 50 × 60, அதாவது 3000 சுற்று. சாதாரண ஜெனரேட்டர் ஏன் ஒரே கத்தாகக் கத்துகிறது என்பதன் காரணம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. ஒரு பல்பு எரிந்தாலும் பத்துப் பல்பு எரிந்தாலும் அது 3000 சுற்றிலேயே நிற்க வேண்டும். வேகம் குறைந்தால் மின்சாரத்தின் அதிர்வெண் கெட்டுவிடும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று இப்போது வருவது வேறு வகை. அது பிறக்கும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பின் மின்னணுச் சுற்றுகளால் ஒழுங்கான 50 அலையாக வடித்துத் தருகிறது. ஆகையால் வேலை குறைவாக இருக்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடலாம். சத்தமும் எண்ணெய்ச் செலவும் குறையும். கைப்பேசி, ஜி.பி.எஸ். போன்ற மென்மையான கருவிகளுக்கும் அதுவே நல்லது. விலை மட்டும் கூடுதல்.

எத்தனை வாட் வேண்டும்? கொட்டகையில் உள்ள கருவிகளின் மீது ஒட்டியிருக்கும் சிறு தகடுகளை நாங்கள் குனிந்தும் நிமிர்ந்தும் படித்தோம். எல்.இ.டி. பல்புகள் நான்கு, ஒவ்வொன்றும் 12 வாட், ஆக 48. கைப்பேசிகள் ஆறு சார்ஜ் ஏற 60 வாட் என்று கொண்டோம். பேட்டரி சார்ஜருக்கு 100. ஒரு மின்விசிறி 75. சிங்கி இறால் உயிரோடு கிடைத்தால் தொட்டியில் காற்று ஊதும் சிறு பம்ப் 35. (சிங்கி இறாலுக்கு உயிர் இருக்கும்வரைதான் உயர்ந்த விலை என்பதைக் கடற்கரைத் தோழியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். எனவே இந்த 35 வாட்டை யாரும் அற்பமாக எண்ண வேண்டாம்.) மொத்தம் 318 வாட். ஒரு வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரத்தில் பாதிகூட இல்லை!

இதோடு தண்ணீர் இறைக்கும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று உண்டு. அரைக் குதிரைத்திறன் என்பது 373 வாட். இழப்புகளையும் சேர்த்தால் ஓடும்போது ஏறத்தாழ 500 வாட் இழுக்கும். ஆனால் மோட்டார் ஓடும்போது இழுப்பது வேறு, கிளம்பும்போது இழுப்பது வேறு. வீட்டில் மோட்டார் போட்ட அந்தக் கணத்தில் பல்பு ஒருமுறை மங்கித் தெளிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அசையாமல் நிற்கும் சுழலியை அசைக்க, அந்த ஒரு கணத்தில் மூன்று மடங்கோ, சில மோட்டார்களுக்கு ஆறு மடங்கோ மின்னோட்டம் தேவைப்படுகிறது. குளிர்ப்பெட்டியின் கம்ப்ரசரும் அப்படியே. மூன்று மடங்கென்று வைத்தால் நம் மோட்டார் கிளம்பும்போது 1500 வாட். அதோடு மற்றவை 318. கூட்டினால் 1818 வாட்.

டீப் பிரீசரையும் சேர்ப்போம். ஓடும்போது 200 வாட்டே போதும். கிளம்பும்போது 1200 வரை போகலாம். மோட்டாரும் பிரீசரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டால் 318, 1500, 1200 என மூவாயிரத்தைத் தாண்டிவிடும். கடைக்காரர் ஐந்து கே.வி.ஏ. சொன்னதன் காரணம் இப்போது விளங்கியது. (கே.வி.ஏ. என்பதை அப்படியே கிலோவாட் என்று எண்ணிவிடக் கூடாது. திறன் காரணி 0.8 என்றால் ஐந்து கே.வி.ஏ. என்பது நான்கு கிலோவாட்டே.) அவர் கணக்கில் பிழையில்லை. பிரீசர் உண்டு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஆகவே, பிரீசர் வேண்டுமா என்பதே உண்மையான கேள்வி. அந்தக் கேள்வியில்தான் நாங்கள் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டோம்.

ஐஸ் என்பது என்ன? வெப்பவியல் பாடத்தில் உள்ளுறை வெப்பம் படித்தோம் அல்லவா? 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸ் அதே 0 டிகிரித் தண்ணீராக உருக 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. வெப்பநிலை ஏறாமலேயே இவ்வளவு வெப்பத்தை அது வாங்கிக்கொள்கிறது. அந்த வெப்பம் மீனிலிருந்து போகிறது, மீன் குளிர்கிறது. 30 டிகிரியில் இருக்கும் பத்துக் கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு ஐஸ் வேண்டும்? மீனின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 3.6. எனவே 10 × 3.6 × 30 = 1080 கிலோஜூல். அதை 334ஆல் வகுத்தால் மூன்றேகால் கிலோ. இந்த விடையைப் பெருமையோடு கொட்டகையில் சொன்னபோது, அங்கே மீன் அடுக்கிக்கொண்டிருந்த ஆச்சி சிரித்துவிட்டார். “அது உங்க புஸ்தகத்துக்கு மக்களே. இங்க மீனுக்குச் சமமா ஐஸு போடணும்” என்றார். அவர் சொன்னதே சரி. புத்தகக் கணக்கு மீனைக் குளிர்விக்க மட்டும் போட்டது. பெட்டியின் சுவர் வழியாகவும், திறந்து மூடும்போதும் வெயிலின் வெப்பம் உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. அதற்கும் ஐஸ்தான் உருகித் தீர வேண்டும். வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே மீன்வள நூல்களும் கூறும் அளவு.

இப்போது 50 கிலோ ஐஸ் ஒன்றை ஜெனரேட்டரை வைத்து நாமே உறைய வைப்பதாகக் கொள்வோம். 30 டிகிரித் தண்ணீரை 0 டிகிரிக்குக் குளிர்விக்க, கிலோவுக்கு 4.2 × 30 = 126 கிலோஜூல். உறைய வைக்க 334. இரண்டும் சேர்ந்து 460. ஐம்பது கிலோவுக்கு 23,000 கிலோஜூல். 3600 கிலோஜூல் ஒரு யூனிட் ஆகையால், இது 6.4 யூனிட் வெப்பம். குளிர்சாதனம் வெப்பத்தை ‘உண்டாக்குவது’ இல்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குத் தள்ளுகிறது. எனவே ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் ஒன்றரை யூனிட் வெப்பத்தைத் தள்ளிவிடும். அப்படியானால் மின்சாரம் 4.3 யூனிட் வேண்டும். சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் லிட்டருக்கு ஒன்றரை யூனிட் கொடுத்தால் பெரிது. ஆக, கிட்டத்தட்ட மூன்று லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது ஒரு ஐஸ் கட்டிக்கு முந்நூறு ரூபாய்! ஐஸ் கம்பெனியில் வாங்கும் கட்டியின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்ததும் தோழியின் தகப்பனார் பிரீசர் பேச்சையே விட்டுவிட்டார். அதுவுமன்றி, வீட்டு உபயோகப் பிரீசர் 50 கிலோ தண்ணீரை ஒரே நாளில் உறைய வைப்பது அரிது.

மீனை நேரே பிரீசரில் போட்டால் என்ன என்றும் கேட்டார்கள். தூத்துக்குடியின் ஏற்றுமதி நிறுவனங்கள் மீனை உறைய வைக்கின்றனவே? ஆம், ஆனால் அவை பூச்சியத்துக்குக் கீழே 35, 40 டிகிரிக் குளிரில் விரைந்து உறைய வைக்கின்றன. சிறு பிரீசரில் மீன் மெல்ல மெல்ல உறைகிறது. மெல்ல உறையும்போது தசைக்குள் இருக்கும் நீர் பெரிய படிகங்களாக வளர்ந்து செல்களைக் கிழித்துவிடும். பிறகு எடுத்து வைத்தால் நீர் விட்டு, சதை பஞ்சாய்த் தொய்ந்து போகும். உடைத்த ஐஸில் அடுக்கிய மீனுக்கு இந்தக் கேடில்லை. உருகும் நீரும் மீனைக் கழுவிக்கொண்டே வழிந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 50 கிலோ ஐஸ் முழுதும் உருகும்போது 16,700 கிலோஜூல், அதாவது நாலரை யூனிட்டுக்கும் மேலான வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஐஸ் கட்டி என்பது யாரோ பெரிய இயந்திரத்தில், மலிவான மின்சாரத்தில் செய்து நமக்காகச் சேமித்து வைத்த குளிர். மின்சாரம் போனாலும் அது போகாது. எனவே ஜெனரேட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கனமான சுவருள்ள ஐஸ் பெட்டிக்குச் செலவிடுவதே அறிவுடைமை என்பது எங்கள் முடிவு. குளிரை ஐஸ் பார்த்துக்கொள்ளட்டும். விளக்கையும் பம்பையும் கைப்பேசியையும் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

பிரீசர் போனதும் ஐந்து கே.வி.ஏ.வும் போயிற்று. 1818 வாட் என்ற உச்சத்திற்கு இரண்டு கிலோவாட் வகையே போதும். மோட்டாரை முதலில் கிளப்பிவிட்டு, அது சீராக ஓடிய பின் மற்றவற்றைப் போட்டால் இன்னும் எளிது. எடையிலும் பெரிய வேறுபாடு உண்டு. ஐந்து கே.வி.ஏ. இயந்திரம் ஒரு மூட்டை சிமெண்டை விடக் கனம். சக்கரம் இருக்கிறதே என்பார்கள். கடற்கரை மணலில் சக்கரம் உருளாது, புதையும். இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டர் வகையோ 20 கிலோவைச் சுற்றித்தான். ஹோண்டாவின் இ.யு.22 வகையைப் பற்றிப் படித்தோம்: நான்கில் ஒரு பங்கு சுமையில் 3.6 லிட்டர் பெட்ரோலுக்கு எட்டு மணி நேரம் ஓடும். நம் கொட்டகையின் இரவுத் தேவை அந்த அளவுக்குள் அடங்கிவிடும். மற்ற நிறுவனங்களும் இவ்வகையைச் செய்கின்றன. எது அருகிலே பழுது பார்க்கக் கிடைக்குமோ அதை வாங்குவதே நல்லது என்று தோன்றுகிறது. டீசல் இயந்திரம் உழைப்பில் உறுதியானது, ஆனால் கனமும் சத்தமும் மிகுதி. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் வகையும் உண்டு, புகை அதிகம்.

எண்ணெயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரு வீச்சு எஞ்சின்களுக்காக ஆயில் கலந்து வைத்திருக்கும் எரிபொருளை, அவசரத்தில் நான்கு வீச்சு ஜெனரேட்டரில் ஊற்றிவிடக் கூடாது. கேன்களுக்கு வேறு வேறு நிறம் பூசி வைப்பது எளிய வழி.

இவ்வளவும் கணக்கு. அடுத்துச் சொல்லப்போவதைப் பெற்றோர்களும் தயைகூர்ந்து படிக்க வேண்டும்.

ஜெனரேட்டரை எங்கே வைப்பீர்கள் என்று நாங்கள் கேட்டபோது, கொட்டகையில் இருந்த மாமா ஒருவர், “வெளியதான் மக்களே. மழை பெஞ்சா மட்டும் உள்ள இழுத்துப் போட்டுக்கிடுவோம்” என்றார். எங்களுள் வேதியியலில் கெட்டிக்காரியான ஒருத்தி உடனே, “வேண்டாம் மாமா!” என்று கத்திவிட்டாள்.

கரிப்பொருள் போதிய ஆக்சிஜன் இன்றி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. பெட்ரோல் எஞ்சினின் புகையில் அது இருந்தே தீரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, எரிச்சலும் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் விரும்பி இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே சிறிதளவு சுவாசித்தாலும் இரத்தம் மெல்ல மெல்ல ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம், தூக்கம். இரவு முழுதும் விழித்திருந்த மனிதருக்குத் தலைவலியும் தூக்கமும் வந்தால் அவர் எதைச் சந்தேகிப்பார்? அசதி என்று படுத்துவிடுவார். அதில்தான் ஆபத்து.

ஓலைக் கொட்டகையில் காற்று புகுந்து புகுந்து வருமே என்று மாமா கேட்டார். வெயில் காலத்தில் அப்படித்தான். ஆனால் மழை அடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுகிறோம். எந்த நாளில் இயந்திரத்தை உள்ளே இழுக்கிறோமோ, அதே நாளில்தான் கொட்டகையும் பெட்டியாகிறது. கனடா, பின்லாந்து, அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற குளிர்ப் பகுதிகளில் ஏரிகள் பனிக்காலத்தில் பாறைபோல் உறைந்துவிடும். மக்கள் அந்த ஐஸின் மேலேயே சிறு குடில் போட்டு, துளையிட்டு, உள்ளே அமர்ந்து தூண்டில் போடுவார்கள். நாம் காசு கொடுத்து வாங்கும் ஐஸ் அவர்களுக்குத் தரையாய்க் கிடக்கிறது! அவர்களும் விளக்குக்கும் பிறவற்றுக்கும் நம் கொட்டகைக்குத் தேடும் அதே சிறு ஜெனரேட்டர்களையே வைத்திருக்கிறார்கள். குளிருக்கு அஞ்சிக் குடிலை இறுக மூடியிருக்கும்போது அடுப்பின் புகையாலும் எஞ்சின் புகையாலும் அங்கே உயிரிழந்தவர்கள் உண்டு. அவர்கள் குளிருக்கு மூடுகிறார்கள், நாம் மழைக்கு மூடுகிறோம். வாயுவுக்கு இரண்டும் ஒன்றே.

கதவைத் திறந்து வைப்பதோ, மின்விசிறி போடுவதோ போதாது. இயந்திரம் ஆட்கள் இருக்குமிடத்திலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்புறம் பார்க்க, வெளியேதான் நிற்க வேண்டும். மழைக்கு என்ன செய்வது? நான்கு கால் நட்டு மேலே மட்டும் ஒரு தகரம். பக்கங்களில் ஒன்றும் கூடாது. ஓலையிலிருந்தும் அது விலகியிருக்க வேண்டும், ஏனெனில் புகைக்குழாய் கொதிக்கும். அணைத்து, ஆறவிட்டு, பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

சரி, 20 அடி எந்தத் திசையில்? இதற்குப் புவியியல் பாடம் கைகொடுத்தது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். எனவே கொட்டகைக்கு நிலப்பக்கம் வைத்தால் பகலில் புகை நம்மை விட்டு விலகிப்போகும். நள்ளிரவில் அதே புகை கொட்டகைக்குள் வரும். கடல்பக்கம் வைத்தால் இதற்கு நேர்மாறு. ஆகவே கரையோரமாக, கொட்டகையின் பக்கவாட்டில் வைப்பதே நலம். எந்தப் பக்கவாட்டில்? இதற்கு விடை எங்களிடம் இல்லை. அங்கிருந்த பெரியவர்களிடம் இருந்தது. வைகாசி, ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரியடிக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று. அந்தக் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. அதனால் கச்சான் காலத்தில் இயந்திரம் வடகிழக்குப் பக்கமும், வாடைக் காலத்தில் தென்மேற்குப் பக்கமும் இருக்க வேண்டும். எடுத்துச் செல்லத்தக்க ஜெனரேட்டர் என்கிறோமே, அது உண்மையில் எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டியதன் அவசியம் அப்போதுதான் எங்களுக்கு நன்கு புரிந்தது. இருவர் சேர்ந்து தூக்க முடியாத இயந்திரம் வாங்கிய இடத்திலேயே நின்றுவிடும். காற்று மாறும், அது மாறாது.

மற்றோர் உயிரைப் பற்றியும் நாம் நினைக்க வேண்டும். சிலர் வயரின் இரு முனையிலும் பிளக் பொருத்தி, ஜெனரேட்டர் மின்சாரத்தைச் சுவரிலுள்ள பிளக் துளை வழியே கட்டடத்துக்குள் செலுத்துகின்றனர். எல்லா விளக்கும் எரியும், வசதிதான். ஆனால் அந்த மின்சாரம் கட்டடத்தோடு நிற்காது. மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருக்குமானால் கம்பி வழியே வெளியேறி மின்மாற்றியை அடையும். மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருவது என்று படித்தோம். தலைகீழாகச் செலுத்தினால் அதுவே உயர்த்தித் தரும். புயலில் அறுந்த கம்பியை, மின்சாரம் இல்லை என்று நம்பி ஏறிச் சரிசெய்யும் மின்வாரிய அண்ணன் அந்தக் கம்பத்தில் இருப்பார். 2023 வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நின்று கம்பம் நட்டவர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆகவே கருவிகளை நேரே ஜெனரேட்டரிலிருந்து வரும் தனி வயரில் இணைக்க வேண்டும். இல்லையேல் மின் பணியாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்த வேண்டும். அது இருந்தால் ஒரே நேரத்தில் ஒரு வழி மட்டுமே திறக்கும்.

பராமரிப்பில் கடற்கரைக்கென்றே சில உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். வேலை முடிந்ததும் ஆறவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து மூடி வைக்க வேண்டும். கச்சான் காலத்தில் காற்று வடிகட்டி மணலால் அடைபடும். வாரம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. இயந்திரம் சாய்ந்து நின்றால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். ஆயில் குறைவு என்று எண்ணிக்கொண்டு எஞ்சின் தானாகவே நின்றுவிடும். மணலில் அடிக்கடி இது நேரும். பல நாள் ஓடாமல் வைப்பதானால் டாங்கியிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒருமுறை கால்மணி நேரமாவது ஓட்டிப் பார்த்தால், தேவைப்படும் இரவில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோராது.

வெயில் நாள்களுக்குச் சூரியத் தகடும் ஒரு பேட்டரியும் போதுமே என்று எங்களுள் ஒரு கட்சி வாதிட்டது. விளக்குக்கும் கைப்பேசிக்கும் அது உண்மைதான். எண்ணெயும் வேண்டாம், புகையும் இல்லை. மூன்று நாள் வானம் இருண்டு கிடக்கும் மார்கழியை எண்ணி ஐந்து வீட்டாரும் ஜெனரேட்டரையே முதலில் வாங்கத் தீர்மானித்தனர். சூரியத் தகடு அடுத்த ஆண்டுக்கு என்று ஒத்திவைத்திருக்கிறார்கள்.

இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டர் வகைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மிஞ்சிய பணத்தில் கனமான சுவருள்ள ஐஸ் பெட்டி ஒன்றும், முப்பது அடி ரப்பர் வயரும் வாங்கியிருக்கிறார்கள். இயந்திரம் வருமுன்பே, கொட்டகைக்கு வடகிழக்கே 20 அடியில் ஒன்றும் தென்மேற்கே 20 அடியில் ஒன்றுமாக இரண்டு கடப்பைக் கற்களை மட்டம் பார்த்துப் பதித்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் மேலும் நான்கு கால், ஒரு தகரம். உள்ளே இழுத்துப் போட்டுக்கிடுவோம் என்று சொன்ன அந்த மாமாதான் இரண்டு கல்லையும் சுமந்துவந்து போட்டவர் என்று தோழி வந்து சொன்னாள்.